கையில் வாங்காத கடுதாசி

லிந்துலைத் தபால் கந்தோரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் தபால் பை சுமக்கும் பத்திநாதனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட இளகினது. ஐம்பத்தேழாம் வருசம் அவரைப் பாடாய்ப் படுத்தியது அனுப்பினவன் பேர் போடாத ஒரு போஸ்ட்காட். ‘இதை ஒன்பது பேருக்கு எழுதி அனுப்பு, தவறினால் அம்மன் கோபத்தில் குடும்பத்தில் ஓர் உயிர் போகும்’ என்று வாரத்துக்கு நாலு வந்தது. எவன் செய்த வேலையோ, அவன் கை விளங்குமா! எழுதத் தெரியாத சனம், எழுதித் தரச் சொல்லி அவர் காலைச் சுற்றியது. எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒன்பது வீட்டுக்குப் பயம் போய்ச் சேரும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தபால் மாஸ்டரிடமே கேட்டுவிட்டார்.

"பேருக்கு வந்தா வாங்கித்தான் ஆகணும்னு சட்டம் இல்ல பத்திநாதன். வேணாம்னா, மறுத்துட்டாங்கன்னு எழுதித் திருப்பிக் கொண்டாங்க" என்றார் மாஸ்டர். பத்திநாதனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாளே காளியாயி பேருக்கு ஒன்று வந்தது. கொழுந்து பறிக்கிறவள், புருசனை இழந்தவள். அவளுடைய ஒரே மகளுக்கு அக்கரப்பத்தனையில் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பத்திநாதன் தயங்கி நின்றதுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தக் கடுதாசியாண்ணே? ஐயோ, எம் மக!"

"கைய நீட்டாத தங்கச்சி. வேணாம்னு சொல்லு, அதுக்கு ஒனக்கு உரிமை இருக்கு. வாங்காத கடுதாசி ஒனக்கு வந்ததே இல்ல."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்ணே." பிறகு முகம் வாடியது. "ஆனா நீங்க படிச்சிட்டீங்களே. ஒங்க குடும்பத்துக்கு ஏதும் வந்திட்டா?"

"எனக்கேது குடும்பம்? நான் ஒண்டிக்கட்ட" என்று சிரித்துக்கொண்டே, அவள் மறுத்ததாகக் கடுதாசியில் எழுதிப் பையில் போட்டார். சிரித்தாரே தவிர, அந்தச் சொல் அவரையே அன்று முழுக்க உறுத்தியது.

பதினோராம் நாள் காளியாயிக்குத் தந்தி வந்தது. மாஸ்டர் சேதியைச் சொல்லித்தான் கொடுத்தார். பத்திநாதன் மூச்சிரைக்கக் கொழுந்து மலைக்கு ஓடினார்.

"ஆம்பளப் புள்ள! தாயும் புள்ளயும் சொகம்!"

கூடையோடு ஓடிவந்த காளியாயி அழுதாள், சிரித்தாள். அவர் நீட்டிய தந்தியை மட்டும் வாங்கவில்லை.

"ஒண்டிக்கட்டன்னு இனிமே சொல்லமாட்டேன்னு சொல்லுங்க. எம் பேரனுக்கு நீங்கதான் தாத்தா. இல்லாட்டி வாங்கமாட்டேன். உரிமை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அத்தனை பேச்சுப் பேசும் பத்திநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.