போக இரண்டரை மணித்தியாலம், வர ஏழரை

எழுபதுகளின் கடைசி. கிண்ணியாவில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. அந்த நேரம் பார்த்து என் கணவர், அரபு நாடான கட்டாருக்கு வேலைக்குப் போகப் போகிறேன் என்று வந்து நின்றார். ஏலவே ஏலாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

அவரா விடுவார்? டவுனில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். "பத்து மணிக்குக் கொழும்பில ஏறினா பன்னிரண்டரைக்கு அங்க இறங்கலாம் புள்ள. நீ சொல்லி அனுப்பினா அண்டைக்கே வந்து நிப்பன்" என்றார். இரண்டரை மணித்தியாலம்! எங்கள் துறையடியில் வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் பாதை என்கிற மிதவைக்குக் காத்துக் கிடந்து, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே அரைநாள் போய்விடும். கட்டார் அதைவிடக் கிட்டத்தான் என்று நினைத்துத்தான் ஓம் என்றேன்.

மகள் பிறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அழுதேன். கிட்டத்தானே இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் நல்ல செய்தி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கணவர் அங்கே ஏறுவாராம், பின்னேரம் நாலரைக்குக் கொழும்பில் இறங்குவாராம். விரல் விட்டு எண்ணினேன். ஏழரை மணித்தியாலம்! அப்படியென்றால் என்னைச் சம்மதிக்க வைக்கப் பொய் சொல்லிவிட்டா போனார்? அவர் வருகிற சந்தோஷமே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

மாமி மட்டும் மகனை விட்டுக்கொடுக்கவில்லை. "போகக்குள்ள வெறுங்கையோட போனவன். இப்ப ரேடியோ, கம்பளி எண்டு சாமான் சட்டியோட வாறான். அந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டு பிளேன் மெல்லத்தானே வரும்?" என்றார். சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பாதையில் வந்து இறங்கினார். மகள் அவரைக் கண்டு என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். நான் சுகம் கேட்கவில்லை, தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. "எனக்கு ஏன் மச்சான் பொய் சொன்னீங்க?" என்று நேரே கேட்டுவிட்டேன்.

விஷயம் விளங்கியதும் கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் முதலில் தெரியாதாம். அங்கே போய் இறங்கிய பிறகுதான், அந்த நாட்டு நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தி நிற்பதைக் கண்டாராம். போகவும் ஐந்து மணித்தியாலம், வரவும் ஐந்துதான் என்றார். மாமிக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு கையை நீட்டித் தன் மணிக்கூட்டைக் காட்டினார். அது எங்கள் வீட்டு மணிக்கூட்டோடு ஒத்துப்போனது. கொழும்பில் இறங்கித் திருப்பி வைத்தீர்களா என்று கேட்டேன்.

"எங்க திருப்பினன்? ரெண்டு வருசமும் நம்மட நேரத்திலதான் வச்சிருந்தனான். கூட இருந்த பொடியன்மார் எல்லாம் பகிடி பண்ணினவங்க. நீ இப்ப சோறாக்குவாய், இப்ப புள்ளயத் தூங்க வைப்பாய் எண்டு பார்த்துப் பார்த்துத்தான் இருந்தனான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குள் ஓடிவிட்டேன்.

இப்போது எங்கள் பிள்ளைகளும் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கடல் கடந்து போன ஒரு மனிதர் இரண்டு வருடமும் என் நேரத்திலேயே வாழ்ந்திருக்கிறார் என்று அறிந்த அந்தப் பின்னேரத்துச் சந்தோஷம், இன்றுவரை எனக்குக் குறையவில்லை.