வியாழக்கிழமைகளில் தாணப்பன் சார்

தாணப்பன் சார் இறந்த செய்தி எனக்கு ஆபீஸ் டெலிபோனில் வந்தது. அவர் தெருக்கோடி வீட்டு த்ரேஸ்யாச் சேச்சிதான் பேசினார். "சார் போயி மோளே, ராவிலே" என்றார், காலையில் போய்விட்டாராம். எந்த சார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரே ஒரு சார்தான் உண்டு என்பது உறைத்தது.

நம் தேயிலை ஏலக் கம்பெனியில் அவரோடு இருந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் தும்மல் வரவழைக்கும் அந்தத் தெருவில், ஏலத்துக்கு வரும் தேயிலையைக் கொதிநீரில் போட்டு, வாயில் உறிஞ்சி, துப்பி, தரம் சொல்லுவது அவர் வேலை. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். ஒருநாள் ஒரு கோப்பையை உறிஞ்சிவிட்டு, "இது ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்துல கிடந்த பெட்டியாக்கும்" என்றார். கோடவுனில் போய்ப் பார்த்தார்கள். அப்படித்தான் கிடந்தது.

ஆனால் நமக்கெல்லாம் அந்த மூக்கைவிடப் பெரிய அதிசயம் அவருடைய அஞ்சு மணி. அஞ்சடித்தால் எழுந்துவிடுவார். மானேஜரே கூப்பிட்டாலும் பதில் "நாளைக்கு"தான். "ஆபீசை வீட்டுக்குக் கொண்டுபோகப்படாது, வீட்டை ஆபீசுக்குக் கொண்டுவரப்படாது" என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். குழந்தைக்கு ஜுரம் என்றால் ஆபீஸில் வாயைத் திறக்க மாட்டேன். மானேஜரிடம் வாங்கிய திட்டைப் பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டேன். நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் சுகமாக இருக்கும் என்று நாம் எல்லோருமே நம்பினோம், இல்லையா?

அவர் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிடப் போனபோதே என் குழப்பம் தொடங்கிவிட்டது. சோறு, பருப்பு, வெள்ளரிக்காய்க் கூட்டு. பூண்டு இல்லை, பெருங்காயம் இல்லை, மிளகாய் பெயருக்குத்தான். சாமி படத்துக்கு முன்னால் ஒரு ஊதுபத்திகூட இல்லை. அவர் மனைவி பகவதியக்கா நாகர்கோவில் பக்கம் கடலோரத்தில் பிறந்து, மீனும் கருவாடுமாக வளர்ந்தவர். என்ன அக்கா இது என்று கேட்டேன். "அவுக நாக்கும் மூக்கும் கெட்டுப்போவும்லா. கல்யாணமான புதுசுலேயே சொல்லிட்டாக. அதோட எல்லாத்தையும் விட்டாச்சு" என்றார். ஆபீசை வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷர், அதை அடுப்பில் ஏற்றியே வைத்திருந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சார் பாட்டுக்கு மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம் நம்மில் சிலருக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் அவர் அஞ்சு மணிக்குக் கிளம்பி வீட்டுக்குப் போக மாட்டார். எறணாகுளம் போவதற்காக நான் படகுத்துறைக்கு வந்தால் அங்கே நிற்பார். அவர் வீடு நடந்துபோகிற தூரம், படகே தேவையில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். இதைப் பற்றி ஆபீஸில் என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது. "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "சண்டை ஒண்ணுமில்ல விசாலம். அவளுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?" என்றார். எதற்கு நேரம்? கேட்பதற்குள் என் படகு வந்துவிட்டது.

ரிட்டையர் ஆன பிறகும் வியாழக்கிழமைகளில் அதே இடத்தில் அவரைப் பார்த்தேன். "இனிமே எதுக்கு சார் இங்க நிக்கறேள்?" என்றேன். "பழகிப்போச்சு" என்றார். ஆபீஸே இல்லாதவருக்கு என்ன பழக்கம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பகவதியக்காவைப் பார்க்கப் போனேன். என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும். த்ரேஸ்யாவுக்கு வைப்பின் தீவுலேர்ந்து வாராவாரம் கருவாடு வரும். அன்னைக்கு சாயங்காலம் அவ வீட்டுக்குப் போயி வயிறாரத் தின்னுட்டு, வந்து குளிச்சு, வெத்தலை போட்டுட்டு இருப்பேன். இத்தனை வருசமா. நல்ல வேளையா அன்னைக்குன்னு பாத்து அவுகளுக்கும் ஆபீஸ்ல சோலி, வர நேரமாவும். ரிட்டையர் ஆன பிறவும் அன்னைக்கு நடந்துட்டு வாறேன்னு கிளம்பிருவாக. பெட்டி எங்க கிடந்துன்னு சொன்ன மூக்காச்சே விசாலம், என்னைத் தெரியாம இருந்திருக்குமா? தெரியாமலே போயிட்டாகன்னா, நான் ஏமாத்துனவ இல்லையா?"

"எந்தக் கிழமை அக்கா?"

"வியாழன்."

சொல்வதா, விழுங்கிவிடுவதா? ஏமாற்றியவள் என்ற பழியோடு அக்கா மிச்ச நாளைக் கழிக்கக்கூடாது என்று நினைத்து, படகுத்துறையைப் பற்றியும், அங்கே சார் என்னிடம் சொன்ன பதிலைப் பற்றியும் சொன்னேன். நமக்கு ஆபீஸில் வியாழக்கிழமை எந்த விசேஷ வேலையும் இல்லை என்பதையும் சொன்னேன். மனம் ஆறும் என்று எதிர்பார்த்தேன்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என்னைக் கள்ளி மாதிரி ஒளிச்சுத் திங்க விட்டிருக்காக. சம்பளம் வாங்குன காலத்தை விடு. ரிட்டையர் ஆன பிறவு அந்த நாக்கை வச்சு என்ன செய்யப் போனாக? ஒரு வியாழக்கிழமை வந்து, எனக்கும் ஒரு துண்டு வைன்னு சொன்னா என்ன?" என்றார். பிறகு, "முட்டுவலியோட அங்க போயி நின்னிருக்காகளே" என்று சொல்லி அழுதார். எதற்காக அழுகிறார் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

சார் நல்லவரா, கல்நெஞ்சக்காரரா? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவருடைய வேதவாக்கை நான் கைவிட்டுவிட்டேன். இப்போது திட்டு வாங்கினால் வீட்டில் சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறொரு வார்த்தை: அவளுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா. அந்த ஊரிலேயே பகவதியக்கா ஒருவர் காதில் மட்டும் விழுந்திருக்க வேண்டிய வார்த்தை அது. சார் அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு, கதவைச் சாத்திய அந்த அறையில், நான்தான் அதை அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.