சிமெண்டுக்குத் தப்பிய ஐம்பது ஆடுகள்

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் மீசைமேல் ஆணையிட்டே தொடங்குகிறேன். 1992-இல் ஒரு நாள், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி மில்லுக்கு வார விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பாண்டியர் காலத்துச் சிவன் கோவிலொன்றில் தளத்தை உயர்த்துகிறார்கள், அடித்தளக் கல்வெட்டு புதையப்போகிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

காலை 7.10 டவுன் பஸ், டிக்கெட் ஒன்றரை ரூபாய். உள்ளே ஐயாயிரம் பேர். பக்கத்து ஆளின் மூக்கால்தான் மூச்சுவிட்டேன். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை.

சின்னக் கோவில். கருவறையும் அர்த்த மண்டபமும் முழுக்கக் கல். சுவரில் அரைத்தூண்கள் தவிர அலங்காரம் கிடையாது. முன்னாலுள்ள யாளித் தூண் மண்டபம் பல நூற்றாண்டு கழித்து நாயக்கர் காலத்தில் சேர்த்தது. பார்க்கவேண்டியது கீழே. அடித்தளத்தில் மூன்று பட்டையாகச் செதுக்கிய குமுதம் என்ற வரி. அதில் முறுக்குப் பிழிந்ததுபோல் வட்டெழுத்து ஓடுகிறது.

அதற்கு ஒரு முழம் தள்ளிச் சிமெண்டுக் கலவை தயார்.

குருக்கள் என் காதருகே வந்தார். "தளத்துக்குப் பணம் கொடுக்கற உபயதாரர்ட்ட மூடாதேள்னு நான் எப்படிச் சொல்றது? விளக்கெரிக்கற நெய்க்காக ஆடு விட்ட கல்வெட்டு ஓய். காகிதத்தை ஒட்டி மைப்படி எடுக்க வந்தவர் வாசிச்சுக் காட்டினார்" என்று முழு விவரமும் சொன்னார்.

வட்டெழுத்தில் என் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாத நான், குனிந்து விரல் வைத்துக் கணீரென்று வாசித்தேன்.

"என்ன அண்ணாச்சி எழுதிருக்கு?" என்றார் கொத்தனார்.

"ராசா அம்பது ஆடு விட்டிருக்காரு. சாகாது, கிழடாகாது. இதை மூடுறவன் வீட்டுக் கூரையை அம்பதும் சேந்து மேஞ்சிரும்."

"சாகாத ஆடா? எம்புட்டுப் புளுகு!"

"ஒமக்கு ஓட்டு வீடா, ஓலை வீடா?"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஓலைதான்" என்றவர், கலவை போடுபவரைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, தள்ளிப் போடு! கல்லைச் சுத்தி ஒரு முழம் வாய்க்கா விடுவோம். மழைத்தண்ணி போவணும்னு உபயதாரர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

போகிறவர்கள் பதினொன்றுக்குமுன் போங்கள். பிறகு நடை சாத்திவிடுவார்கள். வாய்க்காலுக்குள் இறங்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். எழுத்து தெரியவேண்டுமென்று கல்லில் மாவு தேய்க்காதீர்கள்.

பஸ் கூட்டம் பொய். கூரை மேய்வது பொய். ராசாவும் பொய்; ஆடு விட்டவர் ஒரு வணிகர். ஆனால் "சாவா மூவாப் பேராடு ஐம்பது" என்று கல்லில் வெட்டியே இருக்கிறது. செத்ததன் இடத்துக்குக் குட்டி வந்துவிடுவதால், கோவில் கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. அந்த ஆடுகள் மட்டும் நிஜம்.