ஏழாம் லயத்துக் கூரைக்கு இருபத்தொரு நன்றிகள்

தினமும் நன்றி எழுதினால் தூக்கம் நன்றாக வரும் என்றார், தோட்டக் கம்பனிக்காகப் பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து வந்த பிரதாப். இரத்த அழுத்தம் குறையும், வீட்டில் சண்டை குறையும், மனம் லேசாகும். நாளுக்கு மூன்று நன்றி, இருபத்தொரு நாள். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இருபத்தெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பகல் முழுவதும் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே கேட்டார்கள். ஆளுக்கொரு கொப்பி. கொப்பியின் மேலட்டையில் சூரியகாந்திப் பூ. எங்கள் மலையில் சூரியகாந்தியை நான் பார்த்ததில்லை.

பிரதாப்பின் உதவியாளாகப் பேனாக்களைப் பங்கிட்டது நான். வரிசை வீடுகளான எங்கள் லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டம் வாங்கி மூன்று வருடம் அலைந்து கிடைத்த உத்தியோகம் அந்தப் பேனாக்கட்டுதான்.

ஏழாம் லயத்துச் சண்முகவடிவு அக்கா முன்வரிசையில் இருந்தார். நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவர், ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்த லயத்திலிருந்து தோட்டத்து மனேஜர் துரைக்குப் போகும் கடிதமெல்லாம் அவர் எழுதியதுதான். அவருடைய மகள் தனுஜா தலைப்பிரசவத்துக்கு ஜூன் மாதம் வரவிருந்தாள். வீட்டில் இருப்பது ஒரே கட்டில். அதற்கு மேலே இருந்த தகரம் துருவேறி ஓட்டையாகி, மழை வந்தால் கட்டிலில் மூன்று சட்டி வைக்க வேண்டும். மே மாதம் கம்பனி தரப்போகும் புதுத் தகரங்களுக்கான பட்டியலில் அவர் வீடும் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே, “கூடாரம் தந்துதவிய கடை முதலாளி பெரியதம்பி அவர்களுக்கு நன்றி” என்று மைக்கில் அறிவித்துவிடுவோம். முதலாளிக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். ஊருக்கு முன்னால் நன்றி வாங்கிய பிறகு தராமல் இருக்க முடியுமா? வடிவக்காவின் கடிதங்களும் அப்படித்தான். கேட்கமாட்டார், நன்றி சொல்லிவிடுவார்.

கொப்பியிலும் அதையே செய்தார். முதல் இரண்டு நன்றி மாறும். மூன்றாவது மட்டும் இருபத்தொரு நாளும் ஒன்றே: “ஏழாம் லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றித் தந்த கம்பனிக்கு நன்றி.”

நான் அதை வைத்து ஆங்கிலத்தில் அறிக்கை டைப் அடித்தேன். ஏழாம் லயம், கூரை மாற்றப்பட்டது, பயனாளிக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தக் கூரை எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை. திருவிழா மைக்கைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த வரி ஏன் புரியவில்லை? இதைத்தான் நான்கு வருடம் படித்தேனோ?

அறிக்கை கம்பனிக்குப் போனது, கொப்பிகள் தோட்டத்து ஆபீசுக்கு. மே மாதம் லொறி வந்து, ஏழாம் லயத்தில் நிற்காமலே, ஐந்தாம் லயத்தில் தகரங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. வடிவக்கா தோட்டத்து ஆபீசுக்கு ஓடினார். கிளாக்கர் கொப்பியை விரித்துக் காட்டினார்.

“இந்தா, ஒன் கையெழுத்துத்தானே? இருபத்தொரு நாளும் நன்றி எழுதியிருக்க. அப்பறம் என்ன தகரம்?”

“அது கேட்டு எழுதுனதுங்க ஐயா.”

“கேக்குறதுக்கு எவளாவது நன்றி சொல்லுவாளா?”

“போன மாசித் திருவிழாவுல ஒங்களுக்குத்தான் மைக்குல மொதல்ல நன்றி சொன்னோம். அதுக்கப்பறந்தானே வாழக்கொல அனுப்புனீங்க?”

கிளாக்கர் கொப்பியை மூடினார். ஆனாலும் அறிக்கை அறிக்கைதான்.

வடிவக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “நீதான டைப் அடிச்ச, கேஷிகா? எங்கூட்டுக் கூர ஒனக்குத் தெரியாதா? புள்ள வர இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு.”

அவர் முன்னாலேயே பிரதாப்பைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அறிக்கையைத் திருத்தவேண்டும் என்றேன். “எதிர்மறையா எதையும் எழுதவேணாம்” என்றார். “ரிப்போர்ட் போயிட்டுது. அவங்களோட மனசு லேசாச்சுதானே, அதுதான் முக்கியம்.”

“தகரமும் லேசாயிருச்சு” என்றார் வடிவக்கா. “வெரல வச்சா உள்ள போகுது. வந்து வச்சுப் பாக்கச் சொல்லு அவர.”

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், துரைக்கு முன்னால் போய் நின்றேன். “ஏழாம் லயத்துக் கூர மாத்தல. நாந்தான் பாக்காம எழுதிட்டேன்.” பின்னாலிருந்து ஒரு குரல்: “இதுக்கா இத்தன படிப்பு?” எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான். துரை அதையே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரதாப் அதன்பிறகு என்னை வேலைக்கு அழைக்கவில்லை.

ஐந்தாம் லயத்தில் போட்டு மிச்சமிருந்த தகரம் ஆறு. வடிவக்கா வீட்டுக்குத் தேவை எட்டு. கட்டில் தப்பியது, அடுப்படி இன்னும் ஒழுகுகிறது. மழை பிடித்த வாரத்தில்தான் தனுஜா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கினாள்.

பார்க்கப் போயிருந்தேன். “தகரத்துக்கு நன்றி எழுதுனீங்களா அக்கா?”

“போட்ட ஆறுக்கு எழுதிட்டேன். மிச்சம் ரெண்டும் வரட்டும், பாப்போம்.”

“தூக்கம் வருதா?”

“ம். சட்டி வைக்க எந்திரிக்க வேணாமுல்ல.”

தூக்கம் மேம்பட்டது என்று அந்த அறிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது. இருபத்தெட்டுப் பேருக்கும். அதையும் டைப் அடித்தது நான்தான். யாரிடமும் கேட்டதாக நினைவில்லை.