சொன்னால் கேட்கிற பெட்டி

கரமனை அக்ரஹாரத்தில் சிராத்தம் என்றால், முதலில் வாத்தியாருக்குச் சொல்வார்களா, சமையலுக்கு சரஸ்வதியம்மாளிடம் சொல்வார்களா என்பது இன்னும் தீராத வழக்கு. முப்பத்திரண்டு வருஷமாக மடிச் சமையல். ஒரு பாயசம் அடிப்பிடித்ததில்லை, ஒரு வடை கருகியதில்லை. "என் சமையல் வேண்டாம்னு எந்தப் பித்ருவும் எழுந்து போனதில்லே" என்பாள். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். இருந்துவிட்டுப் போகட்டும், கை அப்படி.

குளித்து மடிப்புடவை சுற்றிவிட்டால் அடுப்பையும் பாத்திரத்தையும் தவிர எதையும் தொடமாட்டாள். செல்போனா? கிட்டவே வரக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் மகன் நவநீத், சொன்னால் கேட்கிற குட்டிப் பெட்டி ஒன்றைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தபோது, "இந்தச் சனியனை எடுத்துண்டு போடா!" என்று கத்தினாள். வாத்தியார் பஞ்சாபகேசன்தான் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "தொடாமலே வேலை செய்யறதே மாமி, மடி எப்படித் தப்பும்?"

அவ்வளவுதான், பெட்டி உள்ளே வந்துவிட்டது. முதலில் சாதத்துக்கு மட்டும். பிறகு பருப்புக்கு, பாயசத்துக்கு. "பத்து நிமிஷம்" என்றால் "சரி" என்னும். சொன்ன நேரத்துக்கு மணியடிக்கும். வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்று மூன்று மாசம் ஆகியும் அவள் கவனிக்கவில்லை. வெளிவீட்டுக்குச் சமைக்கப் போனாலும் பெட்டி கூடவே போயிற்று. அதை எடுத்துப்போய் மாட்டிக் கொடுப்பது நவநீத் வேலை.

போன மாசம் வலியசாலையில் ஹரிஷங்கர் வீட்டில் அவன் அப்பாவுக்குச் சிராத்தம். அன்று பார்த்து நவநீத் பெட்டியை மறந்துவிட்டான், அவளும் பார்க்கவில்லை. உருளியில் பால் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. "பாயசம், இருபது நிமிஷம்!" என்றாள் வழக்கம்போல. "சரி" என்று குரல் வந்தது. நிம்மதியாகக் கொல்லைப்பக்கம் போய்த் துவையல் அரைக்க உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் ஹரிஷங்கரின் தங்கை ஜானவி ஓடி வந்து எட்டவே நின்றாள். லீவு கிடைக்காமல் பக்கத்து அறையில் லேப்டாப்பும் கையுமாக ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள்.

"மாமி, இருபது நிமிஷம் ஆச்சு! பாயசம்!"

"நீ எதுக்குடி வந்து சொல்றே?"

"நீங்கதானே மாமி சொன்னேள்? நானும் சரின்னேனே. போன்ல அலாரம் வச்சேன்."

சரஸ்வதியம்மாள் துவையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பாயசம் சுண்டி, ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அடிப்பிடித்திருக்கும். அடிப்பிடித்ததைப் படைக்க முடியாது. புதிதாகக் காய்ச்ச நேரமும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷப் பேர் அன்றோடு போயிருக்கும். இறக்கி வைத்துவிட்டுத்தான் சுற்றிலும் பார்த்தாள். பெட்டி எங்கேயும் இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த பஞ்சாபகேசன், "மாமி, இன்னிக்குப் பாயசம் பேஷ்! இந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றார்.

வேறு நாளாயிருந்தால் தன் பிரதாபத்தை ஆரம்பித்திருப்பாள். அன்று கதவோரம் நின்ற ஜானவியைக் கைகாட்டினாள்.

"பக்குவம் என்னோடதுதான், அதுல என்ன சந்தேகம்? ஆனா நேரம் இவளோடது. நான் வெறும் காத்துக்குச் சொல்லிட்டுப் போயிட்டேன், இவதான் கேட்டுண்டா."