மகத்துக்குப் போன ஆறு பேர்

வேனில் ஏறி உட்கார்ந்ததுமே பூங்காவனம் முந்தானையில் முடிந்துவைத்திருக்கும் ஈரத்துணியை எடுப்பாள். வலது கட்டைவிரலை அதில் பொதிந்து, இடது கையால் லேசாக அழுத்திக்கொண்டே வருவாள், குருவிக் குஞ்சைப் பிடித்திருப்பதுபோல. கம்பெனி வாசல் வந்ததும் துணியைப் பிரித்து, விரலில் ஒருமுறை ஊதி, வருகை பதியும் மெஷினில் வைப்பாள். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டி வெட்டி ரேகை தேய்ந்துபோன விரல். காய்ந்திருந்தால் மெஷினுக்கு அவளை அடையாளம் தெரியாது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம் இருந்தது அந்த லாண்டரி. ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வந்து வெளுத்து, மடிந்து, திரும்பிப் போகும். பக்கத்து இருளர் காலனியிலிருந்து அப்போது ஒருவருக்கும் அங்கே வேலை இல்லை. ஊராட்சித் தலைவர் ரேணுகா, லாண்டரி மேனேஜர் சதாசிவத்திடம் பலமுறை நடந்து, காலனிக்கு வேன் வர வேண்டும் என்பது உட்பட எல்லாவற்றையும் பேசி முடித்துத்தான் ஆறு பெண்களைச் சேர்த்துவிட்டார். அவர்களில் ஒருத்தி பூங்காவனம். அதற்கு முன் அவள் மாதச் சம்பளம் என்று எதையும் கண்டதில்லை.

மாசி பிறந்தபோது அவளுக்குக் கவலை பிடித்தது. முழுநிலா நாளான மாசி மகத்துக்கு இருளர்கள் எங்கெங்கோ இருந்து மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் கும்பிடும் நாள். சம்பந்தம் பேசுவதும் நிச்சயம் செய்வதும் அங்கேதான். அவள் மகள் கவியாவுக்கும் இந்த மகத்தில்தான் நிச்சயம் என்று திண்டிவனம் பக்கத்துப் பையன் வீட்டில் பேசியாகிவிட்டது. ஆறு பேருமே போக வேண்டியவர்கள்.

சூப்பர்வைசர் வரலட்சுமியிடம் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வரலட்சுமி உள்ளூர் விவசாயக் குடும்பம். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவள்.

"தோ பாரு, உங்க ஆளுங்கள ஏற்கெனவே ஒரு தபா இங்க எடுத்தாங்க. மகம் வந்துச்சி, சொல்லாம கொள்ளாம பூட்டாங்க. துணி மலையாட்டம் கெடந்துது. திட்டு வாங்குனது யாரு? நானு. அவுங்க திரும்பி வந்தா கேட்டு சாத்திகினு கீது."

பூங்காவனத்துக்கு அந்தக் கதை தெரியும். காலனியில் யாரும் மகத்துக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

"சொல்லணும்னு அவுங்களுக்குத் தெரியலக்கா. நெலா ஆகாசத்துல கீது. அத்தப் பாத்தா உங்களுக்கும் தெரிஞ்சிடும்னு நெனச்சிகினாங்க."

வரலட்சுமி சிரித்துவிட்டாள். "நெலாவப் பாத்து நான் ஆள் போடணுமா? நல்லா கீது உங்க நாயம்."

சிரித்தாலும் பயன் இல்லை. இரண்டு பேருக்கு வேண்டுமானால் லீவு, அதற்கு மேல் முடியாது என்று சதாசிவம் சொல்லி அனுப்பினார். யார் அந்த இரண்டு பேர் என்று ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொல்லாமல் போனால் இந்த முறையும் கேட் சாத்தும். பிறகு காலனியிலிருந்து யார் வந்தாலும் திறக்காது. போகாவிட்டால் கவியாவின் நிச்சயம் இன்னொரு மாசிக்குத் தள்ளிப்போகும். பையன் வீட்டார் அதுவரை பொறுப்பார்களா என்பதும் தெரியாது.

இரண்டு நாள் விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். மூன்றாம் நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், சாயங்கால ஷிப்டுக்கு வந்த பெண்களின் நடுவில் போய் நின்றாள். பேசிப் பழக்கமில்லாததால் குரல் சற்று உரக்கவே வந்துவிட்டது. ஆடியில் உங்கள் ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றுவீர்கள், அன்றைக்கு நாங்கள் நிற்கிறோம், தீபாவளிக்கு நிற்கிறோம், மகத்துக்கு மட்டும் எங்கள் மடிப்பு மேசைகளில் நீங்கள் நில்லுங்கள் என்றாள்.

ஒருத்தி, இவர்கள் திரும்பி வருவார்கள் என்று என்ன நிச்சயம் என்று முணுமுணுத்தாள். தேய்ப்பு மேசையில் இருந்த சாராள்தான் முதலில் ஒப்புக்கொண்டாள்.

"எனக்குப் பெரிய வெள்ளிக்கு நீ நிக்கணும் பூங்கா. செபம் முடிய மத்தியானம் ஆயிடும், அப்புறம் அவசரப்படுத்தக்கூடாது. மகத்துக்கு ரெண்டு ஷிப்டும் நான் பாத்துக்குறேன். ஆனா பொண்ணு நிச்சயத்து லட்டு எனக்குத் தனியா வந்துடணும்."

மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். முணுமுணுத்தவள் மட்டும் கடைசிவரை வரவில்லை; ஓர் ஆள் குறைந்தது. வரலட்சுமி போய்ச் சொன்னபோது சதாசிவம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்க்கலாம் என்றாராம். வெளியே வந்த வரலட்சுமி பூங்காவனத்திடம் சொன்னாள்: "நீ கெளம்பு. கும்பிட்டுட்டு மறுநாளு காலைல வேனுக்கு வந்து நில்லு. வரல, நானே உன் காலனிக்கு வந்து இழுத்துகினு வருவேன்."

அரைமனதோடுதான் போனாள். கடற்கரையில் புடவைகளே கூடாரங்களாக நின்றன. காற்று ஒவ்வொன்றையும் மூச்சு வாங்க வைத்தது. விடிவதற்குள் மணலில் ஏழு படி கட்டி, மஞ்சள் தூவி, பொரியும் பழமும் வைத்துக் கும்பிட்டார்கள். கவியாவுக்கும் பையனுக்கும் தட்டு மாற்றினார்கள். எல்லாரும் கடலில் நனைந்த ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருக்க, பூங்காவனம் மட்டும் அடிக்கடி சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேன் காலனிக்கு வந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. ஆறு பேரும் ஏறினார்கள். கேட் திறந்திருந்தது.

பங்குனியில் ஒருநாள்தான், கேட் காவலாளி செல்வராஜ் வாய்தவறிச் சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்தது. மகத்தன்று காலை கேட்டுக்கு வேறொரு வேன் வந்திருக்கிறது. சதாசிவம் சொல்லி ஒரு காண்ட்ராக்டர் கூட்டிவந்த வெளியூர்ப் பையன்கள், ஆறு பேர். நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்களாம். வரலட்சுமி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, காண்ட்ராக்டரை மட்டும் உள்ளே அழைத்துப்போய் மேசைகளைக் காட்டியிருக்கிறாள். ஒரு மேசையும் காலி இல்லை என்று வந்த வேன் அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. ஆறாவது மேசையில், காவல் சட்டையோடு, தலையணை உறைகளைக் கோணல்மாணலாக மடித்துக்கொண்டு நின்றவர் செல்வராஜ்.