டிஸ்க்குக்குத் துண்டு போட்டவர்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலை ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் பெருமைப்பட்டது. நாள் முழுக்க ஓட்ட அவ்வளவு வேலை இல்லாததால், மதியத்துக்கு மேல் பக்கத்துக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது. அப்போதெல்லாம் டிஸ்க் என்றால் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிய மாதிரி இருக்கும். அவர்கள் ஆள் தங்கள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்களுடையதைக் கழற்றிவிட்டு அதை மாட்ட வேண்டும்.

அந்த மகானுக்கு ரயிலில் இடம் பிடித்துப் பழக்கம். வந்ததும் டிஸ்க் ஓடும் பெட்டிமேல் தன் துண்டைப் போடுவார். போட்டுவிட்டால் அது அவர் இடம். நியாயம்தானே!

எனக்கு அந்த மாதம் கல்யாணக் கவலை. பொன்னேரியில் பார்த்த பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்திருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். என் மேனேஜரோ, "மாசக் கடைசி ஸ்டாக் கணக்கு நிக்காம ஓடட்டும், ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கணக்கு அழகாக ஓடியது. கடைசிப் பக்கங்கள் அச்சாகும்போது பிரிண்டரில் காகிதம் சிக்கியது. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பிய்த்தெடுத்தேன். அச்சு நின்றதால், டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் விளக்கும் அணைந்திருந்தது. ஆனால் மீதிக் கணக்கு அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. பிரிண்டரை மறுபடி ஓட விட்டதும் கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தேடியது, கிடைக்காமல் அப்படியே செத்து நின்றது. என் டிஸ்க் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, யாருய்யா கழட்டினது?" என்று கத்தினேன்.

"நான்தான் சார். லைட்டே எரியல, சும்மாதானே கீதுன்னு எடுத்துட்டேன். எங்க டைம் ஆயிடுச்சி. இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு?" என்றார் மகான்.

மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எங்கள் நேரமோ முடிந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த மேனேஜர் நீதி வழங்கினார்.

"நின்னது யாரோட கணக்கு?"

"என்னோடது சார். ஆனா..."

"அவரு கரெக்டா டைமுக்கு வந்திருக்காரு. நீங்கதான் முடிக்கல. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

பொன்னேரிக்கே போய், பெண்ணின் அப்பாவுக்கு டிஸ்க், விளக்கு, காகிதம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி நைனா, வேலை பர்மனென்ட் ஆச்சா?"

நிரந்தர உத்தரவு சொன்னபடி ஆறு மாதத்தில் வந்தது. முந்தின வாரம்தான் அவளுக்கு ஒரு ரயில்வே மாப்பிள்ளையோடு கல்யாணம் முடிந்திருந்தது. உத்தரவைக் கையில் வாங்கியதும் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"சந்தோஷம்தான், அதுக்காக இப்படியா அழுவுறது?" என்று மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.